வைஃபையில் சுத்துது, டேட்டாவில் திறக்குது... கோளாறு யார் பக்கம்?

ஒத்தக்கடையில் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மணி இரவு 11. படிவம் முழுக்க நிரப்பியாச்சு. போட்டோவையும் கையெழுத்தையும் ஏற்றினால் வேலை முடிந்தது. பட்டனைத் தட்டினால் வட்டம் சுத்துது... சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு. அதே வைஃபையில் யூடியூப் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் (டாக்டர் படிப்பு அல்ல, இணைய வேகம்). வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறினால், அதே பக்கம் இரண்டு நொடியில் வேலை செய்கிறது.

கேபிள் அண்ணனுக்கு போன் அடித்தால், "லைன் க்ளியரா இருக்கு தம்பி, ரவுட்டரை ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். இணையதளத்தின் உதவி எண்ணில் கேட்டால், "எங்க சர்வர்ல எந்தப் பிரச்சினையும் இல்ல சார்" என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. லைனும் சரி, சர்வரும் சரி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வழியில்தான் எங்கோ சிக்கல். அந்த வழிக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை என்பதுதான் பிரச்சினையே.

யானைமலை அடிவாரத்தில் இருக்கும் ஒத்தக்கடையைச் சுற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, வேளாண் கல்லூரி, கொஞ்சம் தள்ளி இலந்தைக்குளம் ஐடி பார்க். மனுவை ஆன்லைனில் தாக்கல் செய்யும் ஜூனியர் வக்கீல், கட்டணம் கட்டும் மாணவி, வீட்டிலிருந்தே லாகின் செய்யும் ஐடி ஊழியர் என எல்லோருக்கும் இது வெறும் எரிச்சலோடு போகாது. ஒரு தேதி தவறிப்போகும்.

சரி, கோளாறு எந்த இடத்தில் என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். அதற்கு முதல் படி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது. அதே போன், அதே பிரவுசர், அதே பக்கம். நெட்வொர்க்கை மட்டும் மாற்றுங்கள். டேட்டாவிலும் திறக்கவில்லை என்றால், தளமே படுத்திருக்க வாய்ப்பு அதிகம். டேட்டாவில் திறந்தால் மேலே படியுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. லேப்டாப்பை ரவுட்டரில் லேன் ஒயர் போட்டு இணைத்துப் பாருங்கள். அதில் திறந்தால் உங்கள் வீட்டு வைஃபை சிக்னல்தான் குற்றவாளி. ரவுட்டரை இடம் மாற்றி வையுங்கள், கதை முடிந்தது.

ஸ்பீடு டெஸ்ட் சொல்லாதது

ஸ்பீடு டெஸ்ட் வழக்கமாக உங்களுக்கு அருகில் இருக்கும் சர்வரைத் தேடிப் பிடித்து அளக்கும். ஒத்தக்கடையில் இருப்பவருக்கு அது மதுரையிலோ சென்னையிலோ இருக்கலாம். அந்த 100 எம்பிபிஎஸ், பைப் எவ்வளவு அகலம் என்று சொல்கிறது. நீங்கள் திறக்க நினைக்கும் தளம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்வதில்லை.

தூரம் ஏன் முக்கியம்? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்ப 5 மில்லி நொடி போதும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 3,200 கிலோமீட்டர் நீளத்தில் ஐ2ஐ என்ற கடலடி கேபிள் போகிறது. அதில் போய்த் திரும்ப 32 மில்லி நொடி. அமெரிக்காவில் இருக்கும் சர்வர் என்றால் 200 மில்லி நொடியைச் சாதாரணமாகத் தாண்டும்.

கால் நொடிகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ஒரு பக்கம் திறக்க ஒரு நடை போதாது. இணைப்பை ஏற்படுத்த ஒரு நடை, பாதுகாப்புப் பூட்டு போட இன்னொரு நடை, பக்கத்தைக் கேட்க மூன்றாவது நடை. முதல் எழுத்து வருவதற்குள் அரை நொடிக்கு மேல் போய்விடும். அதன் பிறகு ஆப் ஒன்றன்பின் ஒன்றாக 20 முறை சர்வரைக் கேட்டால், நடைக் கணக்கே 4 நொடியைத் தாண்டும். 100 எம்பிபிஎஸ்ஸை 300 ஆக்கினாலும் இது குறையாது. பிளானை ஏற்றச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதை நிரந்தரமும் இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, கடலடி கேபிள் பாதிக்கப்பட்டிருப்பதாக ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களிடம் சொன்னது. 2025 செப்டம்பர் 6 அன்று செங்கடலில் ஜெட்டா அருகே எஸ்எம்டபிள்யூ 4, ஐஎம்இடபிள்யூஇ என்ற இரண்டு கேபிள்கள் அறுந்தன. மத்தியக் கிழக்கு வழியாகப் போகும் போக்குவரத்து தாமதமாகலாம் என்று மைக்ரோசாஃப்ட் தன் அஷூர் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இணையம் மந்தமானது. இப்படி நடக்கும்போது எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. அறுந்த கேபிளில் இடம் வாங்கியிருந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் தவிப்பார். வேறு கேபிள் வைத்திருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு ஒன்றுமே தெரியாது. பக்கத்து வீட்டில் வேகமாகவும் உங்கள் வீட்டில் மெதுவாகவும் இருக்க இது ஒரு காரணம்.

பெயர் தெரியும், முகவரி தெரியாது

தளத்தின் பெயரை டைப் செய்ததும், அதன் எண் முகவரியை உங்கள் போன் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த விசாரணைக் கவுன்டர்தான் டிஎன்எஸ். நீங்கள் மாற்றாதவரை, உங்கள் இணைய நிறுவனத்தின் கவுன்டரில்தான் எல்லாக் கேள்வியும் போய் நிற்கும். அது திணறினால், அல்லது பழைய முகவரியைக் கொடுத்தால், தளம் திறக்காது.

பிரவுசரில் 'நேம் நாட் ரிசால்வ்டு' என்ற பொருளில் பிழைச் செய்தி வந்தால் சந்தேகத்தை இங்கே வையுங்கள். சோதிப்பது சுலபம். கூகுளின் 8.8.8.8 கவுன்டர் 2009-லிருந்து இருக்கிறது. கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, 2018 ஏப்ரல் 1 அன்று வந்தது (தேதியைப் பார்த்து அப்போது பலர் ஜோக் என்றே நினைத்தார்கள்). ரவுட்டரிலோ லேப்டாப்பிலோ டிஎன்எஸ் என்ற இடத்தில் இந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 9-க்கு மேல் உள்ள போன்களில் செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்றே ஒரு வசதி இருக்கிறது. மாற்றியதும் திறந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

நடுவில் மூடிய கதவு

பிழைச் செய்தி 'கனெக்‌ஷன் ரீசெட்' என்று வந்தால் கதை வேறு. முகவரி சரியாகக் கிடைத்தது, கதவையும் தட்டியாச்சு. ஆனால் நடுவில் யாரோ இணைப்பை வெட்டிவிட்டார்கள். அலுவலக ஃபயர்வாலாக இருக்கலாம், சர்வரின் கோளாறாகவும் இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. அதன் வரலாற்றில் சென்னைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

2012-ல் தனுஷ் நடித்த '3' படம் வெளியானபோது, திருட்டுப் பதிவிறக்கத்தைத் தடுக்க சென்னையைச் சேர்ந்த காப்பிரைட் லேப்ஸ் என்ற நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 'ஜான் டோ' உத்தரவு பெற்றது. அதாவது, எதிராளி யார் என்று பெயர் குறிப்பிடாமலே பெறும் தடை உத்தரவு. இணைய நிறுவனங்கள் என்ன செய்தன தெரியுமா? படம் இருந்த பக்கங்களை மட்டும் தேடிக்கொண்டிருக்காமல், தளங்களையே மொத்தமாக மூடின. அந்த மே மாதம் விமியோ, டெய்லிமோஷன் போன்ற முறையான வீடியோ தளங்களும் பல நெட்வொர்க்குகளில் திறக்கவில்லை. கல்லூரி குறும்படத்தை விமியோவில் ஏற்றி வைத்திருந்தவருக்கும் அதே கதவுதான் சாத்தப்பட்டது. ஜூன் மாதம் நீதிமன்றம் தலையிட்டு, தடை குறிப்பிட்ட இணைய முகவரிகளுக்கு மட்டும்தான், முழுத் தளத்துக்கு அல்ல என்று தெளிவுபடுத்தியது.

அதோடு நிற்கவில்லை. 2014 டிசம்பரில் மத்திய அரசின் உத்தரவால் 32 தளங்கள் முடக்கப்பட்டபோது பட்டியலில் கிட்ஹப் இருந்தது. நாட்டில் பாதி சாஃப்ட்வேர் ஊழியர்கள் தினமும் திறக்கும் இடம் அது. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களின் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. பழைய புத்தகங்களையும் இணையப் பக்கங்களையும் காக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் அதில் சிக்கியது. 2022-ல் விஎல்சி பிளேயரின் தளம் பல மாதங்கள் திறக்காமல் இருந்து, நவம்பரில் தடை நீங்கியது.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்தத் தடைகள் எல்லா நெட்வொர்க்கிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. பெங்களூருவில் உள்ள சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டியுடன் தொடர்புடைய ஆய்வாளர்கள் ஆறு பெரிய இணைய நிறுவனங்களைச் சோதித்தார்கள். தடுக்கும் பட்டியலும் ஒன்றாக இல்லை, தடுக்கும் முறையும் ஒன்றாக இல்லை. ஒரு நிறுவனம் டிஎன்எஸ்ஸில் பொய் முகவரி கொடுக்கும். இன்னொன்று, இணைப்பு தொடங்கும்போது வெளியே தெரியும் தளத்தின் பெயரைப் படித்துப் பார்த்து இணைப்பை அறுக்கும். வைஃபையில் திறக்காதது டேட்டாவில் திறப்பதற்கு இதுவும் காரணமாகலாம்.

2012-ல் 'நீதிமன்ற உத்தரவுப்படி முடக்கப்பட்டுள்ளது' என்று ஒரு அறிவிப்பாவது திரையில் வந்தது. இப்போது பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் பூட்டுடன் இருப்பதால், நடுவில் இருப்பவர் அந்தப் பக்கத்தின் இடத்தில் தன் அறிவிப்பைக் காட்ட முடியாது. காட்ட முயன்றால் பிரவுசர் 'இது பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரிக்கும். அதனால் இணைப்பு மட்டும் மௌனமாக அறுகிறது. பார்ப்பவருக்குத் தடையும் ஒன்றுதான், கோளாறும் ஒன்றுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வரும் உத்தரவுகளுக்கு 2009-ம் ஆண்டின் விதிகளில் ரகசியக் காப்பு வேறு இருக்கிறது. ஒரு தளத்தை முடக்குவது சரியா தவறா என்பது தனி விவாதம். முடக்கியிருக்கிறோம் என்று பயனருக்குச் சொல்லாமல், அவரை ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட வைப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

இது நம்மூர்க் கதை மட்டுமல்ல. ஸ்பெயினில் 2025 பிப்ரவரியிலிருந்து லா லீகா கால்பந்துப் போட்டிகள் நடக்கும் நேரங்களில், திருட்டு ஒளிபரப்பைத் தடுக்க கிளவுட்ஃப்ளேரின் முகவரிகளையே சில இணைய நிறுவனங்கள் முடக்குகின்றன. அதே முகவரியில் குடியிருக்கும், கால்பந்துக்குச் சம்பந்தமே இல்லாத கடைகளின் தளங்களும் மேட்ச் முடியும்வரை இருட்டில்.

விபிஎன் போட்டால் திறக்கிறதா என்று பார்ப்பது, கோளாறு வழியில்தான் என்று உறுதிசெய்ய நல்ல சோதனை. ஆனால் சோதனையோடு அணைத்துவிடுங்கள். வங்கி, அரசுத் தளங்கள் பல, விபிஎன் இருந்தாலே உள்ளே விடாது. நீங்கள் வெளிநாட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

ஒரே கதவு எண், பல நூறு பேர்

பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். ஆசியாவுக்கான பங்கில் கடைசித் தொகுப்பு 2011 ஏப்ரலிலேயே தொடப்பட்டுவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை நிறைய வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. உங்கள் ரவுட்டரின் பக்கத்தில் இணைய முகவரி 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டுக் குடித்தனத்தில் இருக்கிறீர்கள்.

குடித்தனத்தில் ஒருவர் சேட்டை செய்தால் எல்லோருக்கும் அடி. ஒரு தளம் அந்த முகவரியைச் சந்தேகப்பட்டால், 'நான் ரோபோ இல்லை' என்று மறுபடி மறுபடி டிராஃபிக் லைட் படத்தைத் தட்டச் சொல்லும். இல்லையென்றால் 'ஆக்சஸ் டினைடு' என்று மொத்தமாகக் கதவடைக்கும். இங்கே உங்களைத் தடுப்பது அந்தத் தளமேதான், வழியில் இருப்பவர் அல்ல. ரவுட்டரை அணைத்துப் போடுவது சில நேரம் உண்மையிலேயே வேலை செய்வது இங்கேதான். வேறு முகவரி கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

புதிய முறை ஐபிவி 6. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது ஆரம்பத்திலிருந்தே அதில்தான் நெட்வொர்க்கைக் கட்டியது. அந்த ஜூன் மாதத்திலிருந்தே ஆப்பிளும் ஐபிவி 6 மட்டும் இருக்கும் நெட்வொர்க்கில் ஓடாத ஆப்களை ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. இன்றும் ஒரு தளத்தின் ஐபிவி 6 பக்கம் பழுதாகி, பழைய பக்கம் மட்டும் ஓடிக்கொண்டிருப்பது உண்டு. தளத்தை நடத்துபவரின் ஆபீஸில் ஐபிவி 6 இல்லை என்றால் அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் ஸ்கிரீனில் எல்லாம் பச்சை.

சின்னது போகும், பெரியது போகாது

கடைசியாக, எனக்குப் பிடித்த கோளாறு. தளம் திறக்கிறது, லாகின் ஆகிறது. போட்டோவை ஏற்றினால் மட்டும் நிற்கிறது. முதலில் சொன்ன ஒத்தக்கடை உதாரணத்தில் இருந்த அதே அறிகுறி.

இணையத்தில் எதுவும் முழுசாகப் போகாது. பாக்கெட் பாக்கெட்டாக உடைத்துத்தான் போகும். ஒரு பாக்கெட்டின் வழக்கமான அதிகபட்ச அளவு 1500 பைட். ஆனால் பல பிராட்பேண்டு இணைப்புகளில் பயன்படும் பிபிபிஓஇ முறை, தன் லேபிளுக்காக அதில் 8 பைட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1492. ரயில்வே சுரங்கப்பாதையின் முன்னால் உயரத் தடுப்பு இருக்குமே, அந்த மாதிரி. ஆட்டோ, கார் எல்லாம் போகும். வைக்கோல் ஏற்றிய லாரி முட்டும்.

முட்டினால் என்ன நடக்க வேண்டும்? தடுப்பில் இருக்கும் கருவி, 'பாக்கெட் பெருசா இருக்கு, சின்னதா அனுப்பு' என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவரும் சின்னதாக்கி அனுப்புவார். யாருக்கும் எதுவும் தெரியாமல் வேலை நடக்கும். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் சில ஃபயர்வால்கள் அந்தத் தகவலையே குப்பையில் போட்டுவிடும். அனுப்பியவர் அதே பெரிய பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்புவார், அது மறுபடி மறுபடி காணாமல் போகும். திரையில் வட்டம் சுத்தும். யூடியூப் ஏன் ஓடுகிறது என்றால், அது வேறு பாதை, அந்தப் பாதையில் அந்தத் தகவல் குப்பைக்குப் போகாமல் இருக்கலாம்.

விண்டோஸ் லேப்டாப்பில் இதை நேராகவே பார்க்கலாம். பிங் கட்டளையில், உடைக்காமல் அனுப்பச் சொல்லி 1472 என்று அளவு கொடுங்கள். தலைப்புக்கான 28 பைட்டும் சேர்ந்து 1500 ஆகும். பதில் வராமல், 1464 கொடுத்தால் மட்டும் வந்தால், உங்கள் பாதையின் உயரம் 1492. அது தன்னளவில் தப்பு இல்லை. ஆனால் பெரிய ஃபைல்களும் சிக்குகின்றன என்றால், ரவுட்டரில் எம்டியு என்ற இடத்தில் 1492 போடுங்கள். அதிலும் நின்றால் 1400 போட்டுப் பாருங்கள். பல மாதத் தலைவலி இந்த ஒரு எண்ணில் தீர்ந்துபோவது உண்டு.

தளத்தைக் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை

இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ உட்கார்ந்து இதைப் படிக்கும் டெவலப்பர்களே, உங்கள் ஆப் உங்கள் சர்வரை மட்டும் நம்பி இல்லை. எழுத்துருவுக்கு ஒரு தளம், பேமென்ட்டுக்கு ஒரு தளம், விளம்பரக் கணக்குக்கு ஒரு தளம் என்று பத்து வாசல்களைத் தட்டுகிறது. பயனரின் நெட்வொர்க்கில் அதில் ஒரே ஒரு வாசல் மூடியிருந்தாலும், உங்கள் கோடு அதற்காகக் காத்திருந்தால், மொத்தப் பக்கமும் வெள்ளையாக நிற்கும். குரோமில் நெட்வொர்க் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது, வெளித் தளம் ஒன்றைத் தடுத்துப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. ரிலீஸுக்கு முன் ஒருமுறையாவது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

புகாரில் என்ன எழுதணும்?

'நெட் ஸ்லோ' என்று மட்டும் புகார் கொடுத்தால், 'ரவுட்டரை ஆஃப் பண்ணுங்க' என்பதுதான் பதிலாக வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கொடுங்கள்: எந்தத் தளம், எத்தனை மணிக்கு, என்ன பிழைச் செய்தி, வேறு எந்த நெட்வொர்க்கில் திறந்தது, டிஎன்எஸ் மாற்றியதும் என்ன ஆனது. கூடவே டிரேஸ்ரூட் எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஒன்று. பாக்கெட் எந்த ஊர்வரை போய் நின்றது என்று அதில் ஓரளவு தெரியும். இதே விவரத்தைத் தளத்தின் உதவிப் பிரிவுக்கும் அனுப்புங்கள், அவர்களுக்கும் இது புது விஷயமாக இருக்கும்.

தளம் முடக்கப்பட்டிருக்கிறதா என்று இணைய நிறுவனத்திடம் நேரடியாகவே எழுத்தில் கேளுங்கள். கேட்காதவரை அந்தப் பேச்சே வராது.

டிராயின் 2012-ம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் தர வேண்டும். மொபைல் என்றால் 198-க்கு அழைத்துப் புகார் பதியலாம். பதில் திருப்தி இல்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் அண்ணனிடம் பேசினாலும் சரி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த கட்டத்துக்குப் போகும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.